சிலந்தி என்ன தின்றது? வயல், வளவு, கண்டல் ஆய்வுக்கு எந்த டிஎன்ஏ வழி

பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும் நாட்களில் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு எடுத்த பிள்ளைகள், மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலை வளாகத்திலிருந்தோ அம்பாறைப் பக்கம் சம்மாந்துறை வளாகத்திலிருந்தோ, ஏறத்தாழ ஒரே மாதிரிக் கேட்பார்கள்: "சேர், வயல், வளவு, கண்டல் மூண்டு இடத்திலயும் சிலந்தி என்ன தின்னுது எண்டு டிஎன்ஏயால பாக்கப் போறம். மினயன் நல்லமா, மாதிரிய வெளிநாட்டுக்கு அனுப்பிறது நல்லமா?"

கேள்வியே கருவியில் தொடங்குகிறது. பாதிப் பேர் நடுவழியில் சிக்குவது அதனால்தான். உண்மையில் கையில் இருக்கும் வழிகள் நாலு: கண்ணால் பார்ப்பது, ஒரே ஓர் இரையின் டிஎன்ஏ துண்டைப் பெருக்கித் தேடும் பிசிஆர், கலந்து கிடக்கும் டிஎன்ஏயை ஒன்றாகப் படித்து எல்லா இரைக்கும் பெயர் தேடும், மாதிரியை வெளியில் அனுப்பிச் செய்யும் மெட்டாபார்கோடிங், ஆய்வுகூடத்திலேயே மினயன் என்னும் சிறு இயந்திரத்தில் ஓடவிடும் நனோபோர். என் சாய்வை முதலே சொல்லிவிடுகிறேன். வயல், வீட்டு வளவு, நீரோரக் கண்டற்காடு என்று வாழிடங்களை ஒப்பிடுவதுதான் நோக்கமென்றால் மெட்டாபார்கோடிங்தான் சரி. ஆனால் அதற்கு முன் முடிக்கவேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. அவற்றுக்குக் காலமும் காசும் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாமல் பிசிஆரோடு நிற்பது மேல்.

## டிஎன்ஏ ஏன் தேவைப்படுகிறது

தும்பியின் குடலைக் கீறிப் பார்த்தால் இறகுத் துண்டு, கால் துண்டு ஏதாவது அகப்படும். சிலந்தியில் அது நடக்காது. இரையைப் பிடித்ததும் செரிமானச் சாற்றை அதன்மேல் கக்கி, உடலுக்கு வெளியிலேயே கரைத்து, நீராக உறிஞ்சுகிறது. வாயிலுள்ள மயிர்கள் திண்மத் துண்டுகளை வடித்துவிடும். உள்ளே போவது வெறும் திரவம். நுணுக்குக்காட்டியில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இரையின் டிஎன்ஏ மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக வயிற்றறைகளில் கொஞ்சக் காலம் தங்கும். அந்தத் துண்டுகளைப் படிப்பதுதான் இங்கே பேசும் வேலை.

இதில் இவ்வளவு அக்கறை எதற்கென்றால், உலகத்துச் சிலந்திகள் ஆண்டுக்கு 400 முதல் 800 மில்லியன் தொன் இரையைத் தின்கின்றன என்று 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. நம் பக்கத்து வயற்காரருக்கு அந்தப் பெருங்கணக்கு தேவையில்லை. சம்மாந்துறை வட்டையில் ஒரு வயற்காரர் கேட்ட விதம் வேறு: "தம்பி, உங்கட மிசின் எல்லாம் கிடக்கட்டும். இது அறக்கொட்டியத் திங்குதா இல்லையா? அதச் சொல்லுங்க, மறுகா மருந்தடிக்கிறதா வேணாமா எண்டு பாப்பம்." அறக்கொட்டி என்று அவர் சொன்னது நெல்லின் பீடையான கபிலத் தத்தியை. அவருடைய கேள்விக்கும் மாணவருடைய கேள்விக்கும் ஒரே கருவி பொருந்தாது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

கேள்வியின் அகலம். ஒரு பூச்சியைத் தின்றதா என்பது 'ஆம், இல்லை' கேள்வி. என்னென்ன தின்றது என்பது பட்டியல் கேள்வி. எவ்வளவு தின்றது என்பது மூன்றாவது. அதற்கு இந்த நாலு வழிகளில் எதுவும் நேர்விடை தராது. இயந்திரம் படித்துத் தரும் டிஎன்ஏ துண்டுகளின், அதாவது வாசிப்புகளின், எண்ணிக்கையை இரையின் நிறையாக எண்ணி வரைபு போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இத்தனை சிலந்திகளில் இத்தனையில் இந்த இரை இருந்தது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே சிலந்தி எல்லா இடத்திலும் கிடைக்குமா? வாழிட ஒப்பீடுகள் கவிழ்வது பெரும்பாலும் இந்த இடத்தில். வயலில் ஓநாய்ச் சிலந்தியையும், வளவில் சுவரில் பாயும் சிலந்தியையும், கண்டலில் பெருவலைச் சிலந்தியையும் பிடித்து உணவை ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வாழிடத்தையா, சிலந்தியையா? நிலத்தில் ஓடிப் பிடிப்பதும் வலையில் காத்திருப்பதும் எந்த இடத்திலும் வேறு வேறு இரையைத்தான் தின்னும். காலெல்லாம் முள் நிற்கும் ஒக்சியோப்பஸ் பேரினம் வரம்புப் புல்லிலும் வளவுச் செடியிலும் பற்றைக்காட்டிலும் கிடைக்கும். நீண்ட தாடை கொண்ட டெட்ரக்னதா நெல்வயலிலும் நீரோரச் செடிகளிலும் வலை கட்டும். இப்படி ஏதாவது ஒரு பேரினத்தைப் பிடித்துக்கொண்டு வாழிடத்தை மாற்றுங்கள். மூன்று வாழிடம் அமையாவிட்டால் இரண்டு போதும்.

தட்டில் என்ன இருந்தது? வயலில் சிலந்தி தத்தியைத் தின்றது, கண்டலில் தின்னவில்லை என்ற முடிவில் புதினம் ஒன்றுமில்லை, கண்டலில் அந்தத் தத்தி இல்லாவிட்டால். அதே நாளில், அதே இடத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி, குழிப்பொறி, வீச்சுவலை போட்டு இருந்த பூச்சிகளை எண்ணினால்தான் தெரிந்தெடுத்துத் தின்றதா, கிடைத்ததைத் தின்றதா என்று சொல்லலாம். நான் சொன்ன இரண்டு முன்வேலைகளில் இது ஒன்று.

பெயர் சொல்லும் நூலகம். இது மற்றது. படித்தெடுத்த டிஎன்ஏ எழுத்துகளின் வரிசையை போல்ட், ஜென்பாங்க் போன்ற தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளோடு ஒத்துப்பார்த்துத்தான் பூச்சிக்குப் பெயர் வைக்கிறோம். நெல்லின் பீடைகளான கபிலத் தத்தி, பச்சைத் தத்தி, இலைச்சுருட்டி, மஞ்சள் தண்டு துளைப்பான் ஆசியா முழுவதும் ஆராயப்பட்டவை. அவற்றின் வரிசைகள் தாராளமாகக் கிடக்கின்றன. மட்டக்களப்பு வாவிக்கரைக் கண்டலில் பறக்கும் சிற்றீக்களுக்கும் வாகரைப் பற்றைக்காட்டு அந்துகளுக்கும் அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. விளைவு என்னவென்றால், வயற்சிலந்தியின் உணவு இன மட்டத்தில் அழகாகப் பெயரோடு வரும். கண்டற்சிலந்தியின் உணவு 'ஏதோ ஓர் ஈ, குடும்பம் தெரியாது' என்று வரும். இனங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, வயலில் உணவு வகை அதிகம் என்று எழுதிவிடுவீர்கள். நூலகத்தின் ஓட்டை வாழிடத்தின் தன்மையாக மாறிவிடும். மேற்பார்வையாளர் கவனிக்காமல் விட்டாலும் பரீட்சகர் விடமாட்டார்.

சிலந்தியின் சொந்த டிஎன்ஏ. அரைத்தெடுத்த வயிற்றில் பெரும்பகுதி சிலந்தியினுடையது. இரையினுடையது சொற்பம், அதுவும் சிதைந்தது. பெருக்கவேண்டிய இடத்தில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுதான் பிரைமர். எல்லாப் பூச்சிகளையும் பிடிக்கும் பிரைமர் போட்டால் சிலந்தியையும் பிடிக்கும்.

காசு, குளிர், காலம். பணம் டொலரில் போகிறது. 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபாயளவில் நின்ற டொலர் இரண்டே மாதத்தில் 350ஐத் தாண்டியதை ஆய்வுக்கூடங்கள் மறக்கவில்லை. இறக்குமதியாகும் எதற்கும் பாதீட்டில் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

## வழி 1: வலையடியில் காத்திருத்தல்

வலை கட்டும் சிலந்திக்கு இது இன்னும் நல்ல வழி. வலையில் தொங்கும் சடலங்களை இடுக்கியால் எடுத்து, அற்ககோலில் போட்டு, பெயர் பார்க்கலாம். காசில்லை. எவ்வளவு தின்றது என்ற கேள்விக்கு ஓரளவேனும் கிட்டப் போவதும் இதுதான்.

மறைசெலவு உங்கள் நேரம். அதோடு, பார்வை ஒருபக்கம் சாயும். பெரிய வண்டின் ஓடு நாட்கணக்கில் வலையில் கிடக்கும். சிறு கொசுவைச் சிலந்தி உறிஞ்சி உருட்டி எறிந்துவிடும். வட்டவலை கட்டும் பல சிலந்திகள் பழைய வலையைத் தாங்களே தின்றுவிட்டுப் புதிது கட்டும். காலையில் போனால் முதல் நாள் சாட்சியே இருக்காது. ஓநாய்ச் சிலந்திக்கும் பாயும் சிலந்திக்கும் இரைபிடிக்க வலை கிடையாது. அவை இரையோடு நிற்பதைக் காண்பது அதிர்ஷ்டம்.

இரவில் பார்க்கத்தான் வேண்டும். நெற்றி டோர்ச்சோடு வரம்பில் நின்றால் ஓநாய்ச் சிலந்திகளின் கண்கள் புல்லுக்குள் பச்சையும் நீலமுமாகப் பளிச்சிடும். ஒளி போன திசையிலேயே திரும்பி வருவதால் டோர்ச் கண்ணுக்கருகில் இருந்தால்தான் தெரியும், கையில் தாழப் பிடித்தால் தெரியாது. ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரவு வேலை என்றால் யானையை முதலில் யோசிக்கவேண்டும். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானையிடம் சொல்லாமல், உள்ளூர் ஆளில்லாமல் இறங்கவேண்டாம். வாவிக் கண்டலுக்குள் இறங்குவதானால் முதலை.

இந்த வழி மட்டும் போதுமான இடம்: ஒரே ஒரு வலைச் சிலந்தி, பாடசாலை மட்டத்து ஆய்வு, அல்லது டிஎன்ஏ வேலைக்கு முன்னோட்டம்.

## வழி 2: ஒரே இரையைத் தேடும் பிசிஆர்

சம்மாந்துறை வயற்காரரின் கேள்விக்கு நேர்விடை இதில்தான் இருக்கிறது. கபிலத் தத்தியின் டிஎன்ஏயில் மட்டும் ஒட்டும் பிரைமர் சோடி ஒன்றை வடிவமைத்து, சிலந்தி வயிற்று டிஎன்ஏயோடு பிசிஆர் ஓடவிட்டு, டிஎன்ஏயைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் கோடு விழுகிறதா என்று பார்ப்பது. பிசிஆர் இயந்திரமும் ஜெல் பெட்டியும் இருந்தால் வரிசைப்படுத்தலே வேண்டாம். 2003இல் இங்கிலாந்தில் இப்படித்தான், தானிய வயல்களின் சிறு சிலந்திகள் மண்ணிலுள்ள துள்ளுவாற் பூச்சிகளைத் தின்கின்றன என்று காட்டினார்கள். இன்னும் பலர் அதே தடத்தில் போகிறார்கள்.

மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். மலிவுதான், ஆனால் வேலை முன்பக்கத்தில் குவிந்து கிடக்கும். பிரைமர் தத்தியை மட்டும்தான் பிடிக்கிறது என்று நிரூபிக்க, வயலிலுள்ள மற்றத் தத்திகள், வெண்முதுகுத் தத்தி உட்பட, பனிப்பூச்சி, மூட்டுப்பூச்சி, சிலந்தி எல்லாவற்றோடும் சோதிக்கவேண்டும். அடுத்தது ஊட்டல் சோதனை. சிலந்தியைப் பட்டினி போட்டு, ஒரு தத்தி கொடுத்து, பிறகு 0, 6, 12, 24, 48, 96 மணித்தியாலங்களில் சிலவற்றைக் கொன்று பார்க்கவேண்டும். எத்தனை மணித்தியாலம் வரை கோடு தெரிகிறது என்று அப்போதுதான் புரியும். சிலந்திக்கு உடற்றொழிற்பாடு மெதுவானது. இரை டிஎன்ஏ நாட்கணக்கிலும் தெரியலாம். வெப்பம் கூடினால் சீக்கிரம் அழியும். வெயிலில் கிடக்கும் திறந்த வயலுக்கும் நிழல் விழும் கண்டலுக்கும் இந்தக் காலம் ஒன்றாக இராது என்பதை வாழிடங்களை ஒப்பிடுகிறவர்கள் குறித்துவைக்கவேண்டும். ஊட்டல் சோதனையை இரண்டு வெப்பநிலைகளில் செய்தால் அந்த ஓட்டையும் அடைபடும்.

இந்த வழியின் பெரிய குறை, தேடாததைக் காட்டாது. 1996இல் ஜாவா வயல்களை வைத்து வெளிவந்த ஆய்வொன்று, போகத்தின் தொடக்கத்தில் பீடைகள் வருமுன்பே சிலந்தி முதலான எதிரிகள் பெருகிவிடுவதைக் காட்டியது. உழுது நீர் விட்ட வயலில் உக்கல் தின்று வளரும் பூச்சிகளும் கடிக்காத கொசுவினங்களும்தான் அவற்றுக்குச் சோறு. தத்தி பிரைமரோடு மட்டும் போனவருக்கு நாற்றுப் பருவச் சிலந்தியின் வயிறு வெறுமையாகவே தெரியும். அது வெறுமையில்லை.

## வழி 3: வெளியில் அனுப்பும் மெட்டாபார்கோடிங்

வாழிடங்களுக்கிடையில் என்னென்ன தின்கிறது என்ற பட்டியல் கேள்விக்கு இதுதான் பொருத்தம். சிஓஐ என்னும் இழைமணி மரபணுவின் ஒரு துண்டு விலங்கினங்களுக்கு அடையாள அட்டை போல வேலை செய்கிறது. முழு நீளம் 658 எழுத்து. வயிற்றில் சிதைந்து கிடக்கும் டிஎன்ஏயில் அவ்வளவு நீளம் அருமை. ஆகையால் 150 முதல் 300 சொச்சம் எழுத்து நீளமுள்ள உள்துண்டைப் பெருக்குவார்கள். ஒவ்வொரு சிலந்திக்கும் தனிக் குறியீட்டுத் துண்டு ஒட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, இலூமினா இயந்திரத்தில் ஓடவிட்டால் மில்லியன் கணக்கில் வாசிப்புகள் வரும். எழுத்துப் பிழை மிகக் குறைவு. குறுகிய துண்டுக்கு அதுதான் உயிர்.

எந்தப் பிரைமர் என்பதில் அவசரப்படவேண்டாம். வௌவால் எச்சத்துக்காக 2011இல் வந்த 157 எழுத்துத் துண்டுக்கான சோடி இன்றும் பலர் கைக்கு முதலில் வருவது. அது அந்துகளையும் ஈக்களையும் நன்றாகப் பிடிக்கும், வேறு சில கூட்டங்களை நழுவவிடும். வயலில் ஈயும் அந்தும் மிகுதி, வளவில் எறும்பும் கரப்பானும் மிகுதி என்றால் பிரைமரின் சாய்வு வாழிட வித்தியாசமாகத் தோற்றும். இரண்டு சோடிகளைச் சேர்த்துப் போடுவது செலவு கூடியது, ஆனால் ஒப்பீட்டு ஆய்வுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சிலந்தி டிஎன்ஏயின் இரைச்சலைக் குறைக்க மூன்று உபாயங்கள் உண்டு. சிலந்தியின் துண்டில் ஒட்டிப் பெருக்கத்தைத் தடுக்கும் தடைப் பிரைமர் ஒன்று. சிலந்தியை விலக்கி மற்றவற்றைப் பிடிக்கும் பிரைமர் இன்னொன்று. 2020இல் அப்படியொன்று வெளிவந்தது. இரண்டும் சிலந்திக்குச் சிலந்தி வேலை செய்யும் அளவு மாறும். தவிர, சிலந்தியைச் சிலந்தி தின்றிருந்தால் அதையும் சேர்த்து மறைத்துவிடும். சிலந்திகளுக்குள் அது சாதாரணம். மூன்றாவது, ஒன்றையும் தடுக்காமல் கூடுதல் வாசிப்பு வாங்கிச் சிலந்தியை மென்பொருளில் கழித்துவிடுவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது மூன்றாவதைத்தான். கழித்துவிடும் சிலந்தி வாசிப்பும் வீண்போகாது. பிடிபடும் சிலந்திகளில் பாதிக்கு மேல் குஞ்சுகள். இனம் பார்க்கத் தேவையான இனப்பெருக்க உறுப்பு முதிர்ந்திராது. அந்த வாசிப்பு அவற்றுக்குப் பெயர் சொல்லும்.

எத்தனை சிலந்தி வேண்டும்? மூன்று வாழிடம், போகத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 30 என்றால் 180. 96 குழித் தட்டு இரண்டில் 192 இடம். மிச்சம் 12 இடமும் வெற்றுச் சோதனைக்கும் தெரிந்த மாதிரிக்கும். இந்தப் பன்னிரண்டையும் சிலந்தியால் நிரப்பத்தான் கை துடிக்கும். நிரப்பக்கூடாது. வெற்றுக் குழியில் தத்தி வாசிப்பு வந்தால்தான், வேறிடத்திலிருந்து தவறிக் கலந்த டிஎன்ஏ, அதாவது கறை, எவ்வளவு என்று தெரியும், எத்தனை வாசிப்புக்குக் கீழே தள்ளிவிடலாம் என்று கோடு போடலாம். 180லும் இரை கிடைக்கும் என்று நம்பவேண்டாம். சிலந்தி நாட்கணக்கில் பட்டினி கிடக்கும். பல வயிறுகள் ஒன்றும் சொல்லாது. 30ஐ 15ஆகக் குறைத்தால் கடைசியில் கையில் ஏழெட்டு மிஞ்சும்.

மறைசெலவுகள் வயலிலேயே தொடங்கிவிடும். ஒரு குப்பியில் ஒரு சிலந்தி. சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று கடிக்கும், வயிற்றிலுள்ளதைக் கக்கும். வீச்சுவலையில் பூச்சிகளோடு சேர்ந்து உருண்ட சிலந்தியின் மேலெல்லாம் பூச்சி டிஎன்ஏ ஒட்டும். இரைப் பட்டியலுக்கு வீச்சுவலை, சிலந்திக்குக் கையும் குப்பியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எதனோல் 95 வீதத்துக்கு மேல் இருக்கவேண்டும். பார்மசியில் வாங்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம், அது டிஎன்ஏயைக் காக்காது. பிடித்த உடனே எதனோலில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால்தான் அந்த நேரத்தில் வயிற்றில் இருந்தது அப்படியே நிற்கும். உயிரோடு கம்பஸ் வரை கொண்டுபோனால் வழிநெடுகச் செரித்துக்கொண்டே வரும்.

இயந்திர ஓட்டத்தின் விலை நிலையானது. ஆயிரம் டொலருக்கு மேல் போகும். 40 மாதிரி போட்டாலும் 200 போட்டாலும் ஓட்டத்துக்கு ஒரே காசு. தனி மாணவருக்குக் கட்டாது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஓட்டத்தைப் பகிர்ந்தால் கட்டும். மாதிரிக்கு இவ்வளவு என்று வாங்கும் நிறுவனங்களும் உண்டு. விலை கேட்கும்போது, டிஎன்ஏயை இயந்திரத்துக்கு ஏற்றபடி தயார்செய்யும் வேலையும் (அதையும் 'நூலகத் தயாரிப்பு' என்பார்கள், பெயர் நூலகம் வேறு) சேர்த்தா என்று கட்டாயம் கேளுங்கள். பிறகு கணினி வேலை. டாடா2 போன்ற மென்பொருட்கள் இலவசம், ஆர் என்னும் நிரல்மொழி தெரிந்தால் சாதாரண மடிக்கணினியிலும் ஓடும்; கற்றுக்கொள்ளும் மாதங்கள் இலவசமில்லை.

வாசிப்பை விளங்கிக்கொள்வதிலும் பொறிகள் இருக்கின்றன. தத்தியைத் தின்ற சின்னச் சிலந்தியை ஒரு பெரிய சிலந்தி தின்றால், பெரியதன் வயிற்றில் இரண்டும் தெரியும். செத்த பூச்சியைத் தின்றதும் உயிருள்ளதைப் பிடித்ததும் ஒன்றாகத்தான் தெரியும். முட்டையா, புழுவா, வளர்ந்ததா என்று தெரியாது. தன்னினத்தைத் தின்றதும் தெரியாது. ஒட்டுண்ணிக் குளவியின் வாசிப்பு வந்தால் சிலந்தி குளவியைத் தின்றதா, குளவி சிலந்திக்குள் வளர்கிறதா? சுவரில் மண்குளவி கட்டிய கூட்டை ஒரு தடவை உடைத்துப் பாருங்கள்: அறைக்கு அறை, கொட்டி அசைவற்ற சிலந்திகள் அடுக்கியிருக்கும், அவற்றோடு ஒரு முட்டை. இந்தச் சண்டையில் எப்போதும் சிலந்தி வெல்வதில்லை.

## வழி 4: கையிலேயே நனோபோர்

மினயன் உள்ளங்கைக்குள் அடங்கும் இயந்திரம், 2014இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. மடிக்கணினியில் செருகினால் டிஎன்ஏ இழை நுண்துளை வழியாகப் போகும்போது மின்னோட்டம் மாறுவதைப் படிக்கும். மாதிரி வெளிநாட்டுக்குப் போகவேண்டாம், முடிவு அன்றே தெரியும், நம் பிள்ளைகள் தங்கள் கையால் செய்வார்கள். கடைசிக் காரணத்தை நான் சின்னதாக எண்ணவில்லை.

ஆனால் செலவு இயந்திரத்தில் இல்லை, அதில் செருகும் நுண்துளைத் தகடான ஃப்ளோசெல்லில் இருக்கிறது. ஒன்று பல நூறு டொலர். ஃப்ளாங்கிள் என்னும் சின்னது அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. படிக்கும் அளவும் அதற்கேற்பக் குறைவு. இரண்டும் குளிரில் இருக்கவேண்டும், இரண்டுக்கும் ஆயுள் கணக்கு வாரங்களில். கட்டுநாயக்காவில் இறங்கி, சுங்கம் கடந்து, ஐஸ் பெட்டியோடு இரவு பஸ்ஸில் மட்டக்களப்பு வந்து சேரும்போது ஆயுளில் எவ்வளவு போயிருக்கும் என்பதையும் விலையில் சேருங்கள். மின்னோட்ட மாற்றத்தைத் துல்லியமாக டிஎன்ஏ எழுத்தாக மாற்றுவதற்கு நல்ல கிராபிக் காட் உள்ள கணினியும் வேண்டும்.

எழுத்துப் பிழையைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். இப்போதைய வேதியியலில் தனி வாசிப்பு ஏறத்தாழ 99 வீதம் சரி; முந்திய நிலையோடு பார்த்தால் பெரிய முன்னேற்றம். ஆனாலும் 150 எழுத்துத் துண்டில் நெருங்கிய இரண்டு தத்தி இனங்களுக்கிடையில் நாலைந்து எழுத்துத்தான் வித்தியாசம் என்றால், ஒன்றிரண்டு பிழை கலக்கும்போது சிக்கல்தான். ஒரே இரையின் வாசிப்புகள் நிறைய இருந்தால் சேர்த்துச் சராசரி பார்த்துத் திருத்தலாம். அரிதாக வரும் இரையில் அந்த வசதியில்லை. சிலந்தி வயிற்றில் சுவாரசியமான பலதும் அரிதானவைதான்.

அப்படியானால் இதை எதற்கு வைத்துக்கொள்வது? நூலகம் கட்ட. ஒட்டுப்பொறியிலும் வீச்சுவலையிலும் பிடித்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, ஒரு கால் பிய்த்து, முழு 658 எழுத்தையும் நனோபோரில் படித்தால் நூற்றுக்கணக்கான பூச்சிகளுக்கு ஒரே ஓட்டத்தில் வரிசை கிடைக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கும் பழைய சாங்கர் முறையில் அனுப்புவதைவிட மலிவு. தனிப் பூச்சியின் டிஎன்ஏ சிதையாதது, வாசிப்பு மிகுதி, பிழை தானாகக் கழியும். வாவிக்கரைக் கண்டலின் பெயரற்ற ஈக்களுக்கு ஓர் அடையாளமாவது வந்துவிடும். இன்னார் என்று இலத்தீன் பெயர் தெரியாவிட்டாலும், இந்தப் படத்திலுள்ள ஈயைத்தான் தின்றது என்று காட்டலாம். வயிற்றுக்கு இலூமினா, நூலகத்துக்கு நனோபோர் என்பது என் கணக்கு.

## சேர்த்துப் பார்த்தால்

| | கண்ணால் | ஒற்றை இரைப் பிசிஆர் | வெளியில் மெட்டாபார்கோடிங் | நனோபோர் |
|---|---|---|---|---|
| பொருத்தமான கேள்வி | வலையில் என்ன விழுகிறது | இந்தப் பீடையைத் தின்கிறதா | என்னென்ன தின்கிறது | இங்கு என்ன பூச்சிகள் உள்ளன |
| வலை கட்டாத சிலந்திக்கு | அரிது | ஆகும் | ஆகும் | ஆகும் |
| நூலகம் | பூச்சியியலாளர் ஒருவர் போதும் | அந்தப் பீடையும் அதன் அயலினங்களும் | எல்லா வாழிடத்துக்கும் தேவை | அதுவே நூலகம் கட்டும் |
| காசு போகும் இடம் | போக்குவரத்து | பிரைமர், இரசாயனம் | இயந்திர ஓட்டம், கிட் | ஃப்ளோசெல், கணினி |
| காலம் போகும் இடம் | இரவுகள் | ஊட்டல் சோதனை | அனுமதி, கணினி வேலை | இறக்குமதி |
| சறுக்கும் இடம் | சிறிய இரை தப்பும் | தேடாதது தெரியாது | நூலக ஓட்டை, கறை | குறுந்துண்டில் எழுத்துப் பிழை |

ஐந்தாவதாக ஒன்றைச் சிலர் கேட்கிறார்கள்: சிலந்தியைக் கொல்லாமல் வலையை மட்டும் எடுத்தால்? 2015இல் கறுப்பு விதவைச் சிலந்தியின் வலையிலிருந்து சிலந்தி, அது தின்ற சில்லூறு இரண்டின் டிஎன்ஏயும் 88 நாள் கழித்தும் கிடைத்தது. ஆனால் அது கூண்டுக்குள் இருந்த வலை. நம் பக்கத்து வடகீழ்ப் பருவ மழையில் திறந்த வலை என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றில் வந்து ஒட்டியதும் பிடித்துத் தின்றதும் ஒன்றாகவே தெரியும். கொல்லக்கூடாத அரிய சிலந்தியானால் பார்க்கலாம்.

## யாருக்கு எது

விவசாயத் திணைக்களத்தின் சம்மாந்துறை நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தோடு சேர்ந்து பீடைக் கட்டுப்பாட்டுக்காகச் செய்கிறீர்களென்றால் பிசிஆர். மருந்தடித்த வயலும் அடிக்காத வயலும் என்று இரண்டே வகை, ஒரே ஓநாய்ச் சிலந்தி, ஒரே பீடை, ஓராண்டில் முடியும். முடிவும் வயற்சொந்தக்காரரான போடியாருக்கு விளங்கும் வடிவத்தில் இருக்கும்.

முதுமாணிப் பட்டம், இரண்டு ஆண்டு, சக மாணவர் ஒருவர் செலவைப் பகிர்வார் என்றால் மெட்டாபார்கோடிங். முதல் போகத்தில் நூலகமும் இரைப் பட்டியலும், இரண்டாவது போகத்தில் சிலந்தி. இரண்டையும் ஒரே போகத்தில் அடைக்கப் பார்க்கிறவர்கள் நூலகத்தைத்தான் கைவிடுவார்கள். கைவிட்டால் கண்டலையும் விட்டுவிட்டு, வரிசைகள் ஓரளவு இருக்கும் வயலையும் வளவையும் மட்டும் ஒப்பிடுங்கள்.

இறுதியாண்டு, ஒரே ஆண்டு, சின்னப் பாதீடு என்றால் வலையடிப் பார்வையோடு நனோபோர் நூலகம். சிலந்தி என்ன தின்கிறது என்று முழுதாகச் சொல்லாது. ஆனால் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் கண்டலின் பூச்சி வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கு வழி 3 திறக்கும். துறைத்தலைவர்கள் இதைத் தொடராய்த் திட்டமிட்டால் நல்லது.

இனி அனுமதி. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும், காட்டு நிலமானால் வனத் திணைக்களத்திடமும் எழுத்து அனுமதி எடுங்கள். டிஎன்ஏ சாறு மட்டும்தானே என்று வெளிநாட்டுக்கு அனுப்பிவிட முடியாது. அதற்குத் தனி அனுமதியும் மாதிரிப் பரிமாற்ற உடன்படிக்கையும் வேண்டும். மரப்பொந்தில் வாழும் பொயிசிலோதீரியா பெருஞ்சிலந்தி கையில் அகப்பட்டால் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். 2019இலிருந்து அந்தப் பேரினம் முழுவதும் அழியக்கூடிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. தனியார் வயலுக்குப் போடியாரின் வாய்ச்சொல் போதும், ஆனால் எந்தக் கிழமை மருந்தடித்தார் என்பதை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் திகதி இல்லாத மாதிரியை வகைப்படுத்த வழியில்லை.

ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு என்றால் விண்ணப்பம் மே மாதத்திலேயே போகவேண்டும். பதில் வரும்வரை சிறுபோக வயல்களில் ஒட்டுப்பொறிக்கு இடம் பார்க்கலாம், பிரைமர் வரவழைக்கலாம். மினயனுக்கான ஃப்ளோசெல்லை மட்டும் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே ஓடர் பண்ணுங்கள்.